டைவ் முடித்தவரைப் படகில் ஏற்றுவது: கையா, சாதா ஏணியா, நடுத்தண்டு ஏணியா?

புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து ஸ்கூபா டைவுக்கு எடுத்துப்போகும் எங்கள் படகு, மீன்பிடி ஃபைபர் படகின் அதே அச்சில் வார்த்தது. வலை இழுக்க அந்த ஓரம் நல்ல தோது. முதுகில் காற்று சிலிண்டரும் இடுப்பில் ஈயக்கட்டி வெயிட் பெல்ட்டுமாக நீரில் மிதக்கிற ஆளுக்கு அதுவே சுவர். தண்ணீரிலிருந்து முக்கால் மீட்டர் உயரம்தான். காலுக்கு எதுவும் தட்டுப்படாதபோது அந்த முக்கால் மீட்டரைத் தாண்டுவது லேசில்லை. ஏற்றும் முறையை மாற்றுவது என்று முடிவானபின் பல வழிகளைப் பார்த்தோம். கடைசியில் வாங்கியது, நடுவில் ஒரே தண்டும் இருபுறமும் படிகளுமாக இருக்கும் நடுத்தண்டு ஏணி. அதனால் இந்த அலசலில் அதன் பக்கம் தராசு கொஞ்சம் சாயும், சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

முதலில் வேண்டாதவற்றைத் தள்ளிவிடலாம். நூலேணி மலிவு, சுருட்டி மூலையில் போடலாம். ஆனால் காலை வைத்து எடை கொடுத்ததும் அது படகின் வயிற்றுக்கு அடியில் போய்விடும். ஏறுகிறவர் மல்லாக்கத் தொங்குவார். ஹைட்ராலிக் லிஃப்ட் பிரிட்டனில் பெரிய டைவ் படகுகளில் இருக்கிறது. நின்றபடியே மேலே வந்துவிடலாம் என்கிறார்கள். நான் அதில் ஏறியதில்லை. நம் படகு அளவுக்கு அந்த எடையும் செலவும் பேச்சுக்கே இடமில்லை. பின்பக்க ஏணி எஞ்சினுக்குப் பக்கத்தில் வருகிறது. அலையில் படகின் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும்போது அதன் கீழே தலை இருக்கக் கூடாது. லாங் டெயில் எஞ்சின் உள்ள படகை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அந்த இடமே கிடையாது, தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும்.

மிச்சம் மூன்று.

கையால் ஏற்றுவதை லேசாக நினைக்க வேண்டாம். மீனவர்கள் காலங்காலமாக இப்படித்தான் ஏறுகிறார்கள். டைவருக்கு வரிசை இதுதான்: வெயிட் பெல்ட்டைக் கழற்றி மேலே கொடுப்பது, சிலிண்டர் மாட்டியிருக்கும் மிதவைச் சட்டையான பி.சி.டி.யில் காற்று ஏற்றி அதைக் கழற்றிக் கயிற்றின் கொக்கியில் மாட்டுவது, பிறகு இரண்டு கையையும் ஓரத்தில் ஊன்றி, காலில் மாட்டிய நீச்சல் துடுப்பை, அதாவது ஃபின்னை உதைத்து ஒரே எம்பில் வயிற்றை ஓரத்தின்மேல் போடுவது. இருபது வயதுப் பையன்கள் மீன் துள்ளுகிற வேகத்தில் வந்துவிடுகிறார்கள். செலவும் இல்லை, பராமரிப்பும் இல்லை.

சிக்கல் மற்றவர்களுக்கு. டைவ் முடிந்தவுடன் கடுமையாக உடம்பை முறுக்கினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் கூடும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் டைவ் முடித்தபின் பளு தூக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரர் ஓரத்தில் தொங்கி மூன்றாம் முறை எம்பும்போது அந்தப் பாடம் காற்றில் போகிறது. மேலே நிற்கிற பையன்களின் இடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைவ் முடித்த 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் மட்டுமே 15 கிலோ, ஈரமான பி.சி.டி., மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் சேர்ந்தால் 20 கிலோ. குனிந்து, கை நீட்டி, ஆடுகிற படகில், ஆளுக்கொன்றாகத் தூக்க வேண்டும். அவசரத்தில் ரெகுலேட்டர் குழாயைப் பிடித்து இழுப்பார்கள், அதற்கும் ஒருநாள் செலவு வரும்.

சாதா ஏணி, அதாவது இரண்டு பக்கமும் குழாய் வைத்த ஏணி, எந்த ஸ்டீல் பட்டறையிலும் கிடைக்கும், எல்லோருக்கும் பழக்கம். எந்த ஏணியானாலும் நீளம் பாருங்கள். கடைசிப் படி தண்ணீருக்குக் கீழே குறைந்தது 22 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் படகுத் துறையின் ஏ.பி.ஒய்.சி. தரவரையறை. எடையோடு ஏறுகிற டைவருக்கு அதைவிடவும் ஒரு படி கூடுதலாகவே வேண்டும் என்பேன். படகின் ஓரம் கீழே போகப்போக உள்வாங்கும் என்பதால், ஏணிக்கு ஒரு முட்டுக்கால் வைத்துச் சற்று வெளிப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். செங்குத்தாக நின்றால் முதுகில் இருக்கிற சிலிண்டர் ஆளைப் பின்னால் இழுக்கும்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது ஃபின்.

சாதா ஏணியில் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஃபின் அகலம் நுழையாது. ஆகவே தண்ணீரிலேயே கழற்ற வேண்டும். ஒரு கையில் ஏணி, மறு கையில் காலின் வார். அலை ஏற ஏணியும் ஏறும், அலை இறங்க ஏணி கையை உதறிக்கொண்டு இறங்கும். முதல் ஃபின்னை மேலே கொடுத்தாயிற்று, இரண்டாவதும் கழன்றாயிற்று. அந்த நொடியில் பிடி விட்டால் அந்த ஆளுக்கு நீந்தும் கருவியே இல்லை. காற்று நிரம்பிய பி.சி.டி., முதுகில் சிலிண்டர், வெறுங்கால். நீரோட்டம் 1 நாட் என்றால் நொடிக்கு அரை மீட்டர். அரை நிமிடத்தில் நங்கூரம் போட்ட படகிலிருந்து 15 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். அவரைப் பிடிக்க எஞ்சினைப் போடலாமா? ஏணியில் அடுத்தவர் நிற்கிறார். விசிறி இருக்கிற பக்கம் ஆள் இருக்கும்போது எஞ்சினைத் தொடக்கூடாது, நியூட்ரலில் வைப்பதும் போதாது. படகுக்குப் பின்னால் மிதவை கட்டிய 30 மீட்டர் கயிறு விட்டிருந்தால் அதைப் பிடிப்பார். எந்த ஏணி வைத்திருந்தாலும் அந்தக் கயிறு வேண்டும். நங்கூரமில்லாமல் மிதந்து போகிற படகில் நீரோட்டத்தின் பயம் குறைவு, ஆனால் அங்கே காற்று படகை ஆளிடமிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

நடுத்தண்டு ஏணிக்கு நடுவில் ஒரே தண்டு, இருபுறமும் நுனி திறந்த படிகள். ஃபின் போட்ட காலைப் பக்கவாட்டில் கொண்டுவந்து படியில் வைக்கலாம். ஃபின் அலகு தண்டுக்கு வெளியே நின்றுகொள்ளும். தண்டைக் கட்டிக்கொண்டு, மாஸ்க் முகத்திலும் ரெகுலேட்டர் வாயிலும் இருக்க, முழுக் கோலத்தோடு ஏறி ஓரத்தில் உட்கார்ந்த பிறகு ஃபின்னைக் கழற்றலாம். பாதியில் விழுந்தாலும் நீந்த முடிகிற ஆளாகவே விழுகிறார். எடை தாங்க முடியாதவர் சிலிண்டரை மட்டும் கீழேயே கொடுத்துவிட்டு ஃபின்னோடு ஏறலாம், அதற்கும் இதுவே வசதி. கையால் எம்பும் முறையிலும் ஃபின் காலிலேயே இருக்கிறது என்பது உண்மை. அதனால்தான் என் கணக்கில் சாதா ஏணியைவிடக் கையே மேல்.

குறைகளும் உண்டு. மொத்த எடையும் ஒரு தண்டில், ஒரே பக்கப் படியில் இறங்குவதால் தண்டு முறுக்கும். படி ஒட்டிய வெல்டிங்கில்தான் முதலில் விரிசல் விடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, அந்தக் கழுத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பட்டறையில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் முதலில் காட்டுவார்கள், 316 ரகம் கேளுங்கள். கடல் உப்புக்கு 304 பழுப்புக் கறை பிடிக்கும். ஓரத்தில் ஃபைபரை மட்டும் நம்பி போல்ட் போடாமல் உட்புறம் அகலமான பட்டை கொடுக்க வேண்டும். படியின் நீளத்தை உங்கள் டைவர்களின் ஃபின் பாதத்தை அளந்து சொல்லுங்கள். மூச்சடக்கி மூழ்கும் ஃப்ரீ டைவிங்கின் நீள ஃபின்னுக்கு எந்தப் படியும் ஒத்துவராது. விற்கப் போனால் மீன்பிடிக்காரர் இதற்குக் காசு தரமாட்டார், ஓரத்தில் ஓட்டை ஏன் என்றுதான் கேட்பார். எங்கள் ஏணி இன்னும் புதுசு. நாலைந்து வருடம் கழித்து வெல்டிங் எப்படி இருக்கும் என்பதற்கு நான் சாட்சி இல்லை.

மயங்கிய ஆளை ஏற்ற எந்த ஏணியும் உதவாது. தடித்த வலைத்துண்டின் ஒரு விளிம்பைப் படகு ஓரத்தில் கட்டி, ஆளுக்கு அடியில் விட்டு, மறு விளிம்பை இழுத்து உருட்டி ஏற்ற வேண்டும். கருவிகளை முதலில் கழற்றிவிட வேண்டும். சுயநினைவோடு இருக்கிற நண்பரை வைத்துத்தான் பழகியிருக்கிறோம். இரண்டு பேர் போதும் என்று தெரிந்தது, அலை அடங்கிய நாளில்.

இளவட்டக் கூட்டம், தாழ்வான ரப்பர் படகு என்றால் ஏணிக்குச் செலவழிக்காதீர்கள். ஓரத்தில் தொங்கவிட்டுக் கால் வைக்க அகலமான பட்டையில் ஒரு வளையம் தைத்துக்கொண்டால் போதும். கட்டணம் கொடுத்து வருகிறவர்களை, அதுவும் முதல் டைவ்காரர்களை ஏற்றுகிற ஃபைபர் படகென்றால் நடுத்தண்டு ஏணிதான். ஏறும்போது ஒருவர் மட்டும், அடுத்தவர் ஏணிக்கு நேர்கீழே நிற்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும். முகத்துவாரம் வருவதற்குமுன் ஏணியைத் தூக்கி உள்ளே கட்டிவிடுங்கள். அங்கே உடைகிற அலையில் தொங்கும் ஏணி போல்ட்டோடு ஃபைபரையும் பிய்த்துக்கொண்டு போகும்.