கரிஸ்மா 18 என் பார்டுக்கு, பேச வேண்டியது நான்: 2014 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் பயன்படுத்திய அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் விதிப் புத்தகமான ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் புதுப் பதிப்பு 2024 செப்டம்பரில் வந்துவிட்டது, 2014 பதிப்பு பழசாகிவிட்டது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன், "அண்ணே, பழசையே வாங்கிடலாமா?" என்று வாட்ஸப்பில் கேட்டான். பதில் அடிக்க ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போனது, அதனால் இது. ஆட்டமே தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு இது, கதையை நடத்துபவர் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்). செய்ய நினைப்பது பலிக்குமா என்று 20 முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் தாளில் உள்ள திறன் எண்ணைக் கூட்டுவோம், டி.எம். வைக்கும் டி.சி. என்ற இலக்கை எட்டினால் ஜெயம்.

புத்தகத்தைப் பற்றி: 320 பக்கம், படங்கள் அருமை, கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அவ்வளவுதான். என் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஏழாவது அத்தியாயத்தில் பெர்செப்ஷனை, அதாவது கவனித்துக் கண்டுபிடிக்கும் திறனை, விளக்கும்போது ஒரு குட்டி உதாரணம் வரும். அலமாரியின் மேல் டிராயரில், மடித்து வைத்த துணிக்கு அடியில், ஒரு சாவி ஒளிந்திருக்கிறது. "அறையைச் சுற்றி நடந்து சுவரையும் சாமான்களையும் பார்க்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் பகடையில் என்ன விழுந்தாலும் சாவி கிடையாது. டிராயரைத் திறக்கிறேன், அலமாரியைத் துழாவுகிறேன் என்று நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

முதல் தடவை படித்தபோது நியாயமாகத்தான் பட்டது. ஆட ஆடத்தான் உறைத்தது. டிராயரைத் திறக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியது யார்? காட்டிலேயே வளர்ந்து விஸ்டம் (கூர்ந்த கவனம்) 18 வைத்திருக்கும் ரேஞ்சரா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதையே தேடுகிற நானா? ஸ்ட்ரெங்த் 18 உள்ள பார்பேரியன் இரும்புக் கதவைப் பெயர்க்கும்போது, "எங்கே, அந்த கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிட்டு வாங்க பார்க்கலாம்" என்று எந்த டி.எம்.மும் கேட்பதில்லை. உடம்பு பாத்திரத்துடையது, மூளையும் வாயும் மட்டும் நம்முடையது என்பது என்ன கணக்கோ.

என் இப்போதைய பாத்திரம் ஐந்தாம் லெவல் பார்ட், அதாவது பாணர். கரிஸ்மா (வசீகரம்) 18, பர்சுவேஷன் என்ற பேசி இணங்க வைக்கும் திறனில் எக்ஸ்பர்டீஸ், அதாவது இரட்டைப் பயிற்சி. எல்லாம் கூட்டினால் +10. டி.சி. 15 என்றால் பகடையில் 5 விழுந்தாலே போதும், அதாவது 80 சதவீத வாய்ப்பு. போன ஞாயிறு ஒரு பாலத்துக் காவலன் எங்களை மறித்தான். அவனைச் சமாதானப்படுத்துகிறேன் என்றேன்.

"சரி, என்ன சொல்றீங்க அவன்கிட்ட?"

"அதான், சமாதானமா..."

"எப்படின்னு பேசிக் காட்டுங்க."

ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லவே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "ஐயா, நாங்க நல்லவங்க" என்றேன். மேசையே சிரித்தது. டி.எம். சிரித்துக்கொண்டே டி.சி.யை 20 ஆக்கினார். பகடையில் 7 விழுந்தது. கூட்டினால் 17. அவர் கைவைக்காமல் இருந்திருந்தால் பாலத்தைத் தாண்டியிருப்போம்.

அடுத்து வாயைத் திறந்தவர் எங்கள் ஃபைட்டர். கரிஸ்மா 8, பர்சுவேஷனில் பயிற்சியே கிடையாது. தாளின்படி அதே டி.சி. 15-க்கு அவருக்கு 25 சதவீதம்தான். ஆனால் அவரை ஆடுகிற நண்பர் மெடிக்கல் ரெப். டாக்டர்களின் வாசலில் காத்துக் காத்து ஊறியவர். காவலனுக்குக் கால் வலிக்குமே, ராத்திரி டூட்டிக்கு மாற்று ஆள் உண்டா, பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்து, பேச்சுவாக்கில் எங்களை அக்கரைக்கு நகர்த்திவிட்டார். டி.எம். உருகிப்போய் பகடையே கேட்கவில்லை.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் பேச்சுத் திறமையைப் பார்த்து அல்ல. புள்ளிகளைச் செலவழித்துத் திறன்களை வாங்கும் 'பாயின்ட் பை' முறையில் கரிஸ்மாவை 8-லேயே விட்டு, மிச்சம் பிடித்த புள்ளிகளை அவர் ஸ்ட்ரெங்த்திலும் கான்ஸ்டிட்யூஷனிலும் (உடல் உறுதி) கொட்டியவர். நான் கரிஸ்மாவுக்காக ஸ்ட்ரெங்த்தைக் காவு கொடுத்தேன். சண்டை வந்தால் அவர் புள்ளிகள் அவருக்கு வேலை செய்கின்றன, ஓர் ஓகர் அரக்கன் அடித்தால் நான் சுருண்டு விழுகிறேன். பேச்சு வந்தாலும் அவரேதான் ஜெயிக்கிறார். அப்படியானால் நான் எதற்குப் புள்ளி செலவழித்தேன்?

புத்தகத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. எட்டாவது அத்தியாயத்தில் இரண்டு விதமாக ஆடலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. பாத்திரத்தின் குரலிலேயே பேசலாம். அல்லது, "என் பார்ட் காவலனோடு ஊர்க்கதை பேசி, சிரிக்க வைத்து, மெல்ல விஷயத்துக்கு வருகிறாள்" என்று வெளியே நின்று விவரிக்கலாம். இரண்டும் சரிதான். இந்தப் பத்தியை விரல் வைத்துக் காட்டினேன். "அது சரி, ஆனா பேசினா ஜாலியா இருக்கும்ல" என்றார் டி.எம். ஜாலி யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இது இன்று நேற்று வந்த தகராறு அல்ல. 1974-இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பெட்டியில் பூட்டைத் திறப்பதற்கோ பொறியைக் கழற்றுவதற்கோ தனித் திறன் என்று எதுவும் இல்லை. எங்கே தட்டுகிறாய், எதை இழுக்கிறாய் என்று பெரும்பாலும் வாயால் சொல்லித்தான் ஆடினார்கள். அடுத்த வருடமே ஒரு துணை நூலில் தீஃப் என்ற திருடன் பாத்திரம் வந்தான், பூட்டுக்கும் பொறிக்கும் வெற்றி சதவீதத்தோடு. அதுவரை எல்லோரும் செய்துவந்த வேலை ஒருவனுடைய வேலையாகிவிட்டது. அதே 1975-இல் ஆரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டில் ஆடப்பட்டு 1978-இல் அச்சான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' (Tomb of Horrors) என்ற சாகசக் கதை இதற்கு நேர் எதிர்: வாயைப் பிளந்திருக்கும் பச்சைப் பிசாசு முகம், உள்ளே தவழ்ந்து போனவர் காலி. தப்பிக்கப் பகடை வாய்ப்பே கிடையாது. தாளில் என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் ஒரு கம்பை விட்டுப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.

1981-இல் வந்த 'கால் ஆஃப் துலு' என்ற வேறொரு திகில் ஆட்டம் இன்னும் நேர்மையான ஒரு வழி வைத்தது. ஆட்டக்காரருக்கு ஒன்றும் ஓடாதபோது பாத்திரத்துக்குத் தோன்றியதா என்று பார்க்க 'ஐடியா ரோல்'. இண்டெலிஜென்ஸை ஐந்தால் பெருக்கி, நூற்றுக்கு அத்தனை வாய்ப்பு. மேசையில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் என் மாதிரி ஆட்களுக்கு அது பெரிய ஆறுதல். நான் புலம்பும் புத்தகத்தில் டி.எம். விரும்பினால் அப்படிச் செய்துகொள்ளலாம். விரும்பாவிட்டால் உங்கள் விதி.

இவ்வளவு சொன்ன பிறகு ஐந்தாவது அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சாமான் பட்டியல். பத்து அடிக் கம்பு ஐந்து செப்புக் காசு, சாக்பீஸ் ஒரு செப்புக் காசு, ஆயிரம் பால் பேரிங் உள்ள பை ஒரு பொற்காசு. துரத்தி வருகிறவனின் காலடியில் கொட்டி வழுக்க விடத்தான் அந்தப் பை.

சுரங்கம் ஒன்றில் முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டோம். பாஸிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே கணக்கில் வரும் கவனிப்பு) அதிகம் உள்ளவர்களுக்கே டி.எம். ஒன்றும் சொல்லவில்லை. ஆளாளுக்குப் பகடை உருட்டித் தோற்றார்கள். மெடிக்கல் ரெப் நண்பர் தன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அந்த பேரிங் பையைத் தரையில் கொட்டுறேன்" என்றார். எதற்கு என்று டி.எம். கேட்டார். "உருளட்டும், எங்கே போகுதுன்னு பார்ப்போம்." டி.எம். ஒரு நொடி தன் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: எல்லாம் மெதுவாக இடதுபக்கம் உருண்டு, சுவருக்கு அடியில் போய் மறைகின்றன. சுவருக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி. ரகசியக் கதவு! மேசையில் எழுந்த கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கத்தியவர்களில் நானும் உண்டு. எந்த +10-ம் அந்தச் சந்தோஷத்தைத் தராது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஃபைட்டரின் இண்டெலிஜென்ஸும் 8. "இவன் இதை யோசிப்பானா?" என்று விஸார்ட் ஆடுகிறவர் முணுமுணுத்தார். ஏன் யோசிக்க மாட்டான்? 8 என்றால் பகடையில் வெறும் -1. மூன்று ஆறுமுகப் பகடையை உருட்டிப் பாத்திரம் செய்தால் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு 8 அல்லது அதற்குக் கீழேதான் வரும். நம் குடும்பங்களில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம், குழாய் ரிப்பேர் பார்ப்பதில்லையா? 8-க்கும் 12-க்கும் பகடையில் வித்தியாசம் 10 சதவீதம்தான். மேசைகளில் 8 என்றதும் பேசவே தெரியாத மண்டு மாதிரி நடிக்கச் சொல்வது சுத்த அபத்தம். நண்பருக்கு மூளை இருந்தால் அதைப் பூட்டி வைக்கச் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வராத இடத்தில் என் தாளைப் பேச விடுங்கள் என்கிறேன். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொள்ளலாம், யாரும் செத்துவிட மாட்டார்கள்.

புதுப் பதிப்பில் இன்ஃப்ளூயன்ஸ் என்று ஓர் ஆக்‌ஷனே கொடுத்திருக்கிறார்கள். எதிராளி தயங்கினால்தான் பகடை. டி.சி. வழக்கமாக 15, அல்லது அவனுடைய இண்டெலிஜென்ஸ் எண், எது அதிகமோ அது. "ஐயா, நாங்க நல்லவங்க" என்று உளறினாலும் அந்த 15 பெரும்பாலும் 15-ஆகவே நிற்கும். ஆனால் அவன் தயங்குகிறானா, சுத்தமாக மறுக்கிறானா என்று முடிவு செய்வது யார்? அதே டி.எம்.தான்.

தம்பிக்குப் பதில்: வாங்காதே. பேரிங் பையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்காதே, பாலத்தில் நின்றது நான். 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே இருக்கிறது, இறக்கிக்கொள். மிச்சமாகும் காசுக்கு நல்ல பகடை செட் ஒன்று வாங்கு. அப்புறம், சேரப்போகும் மேசையின் டி.எம்.மிடம், பேச வராத ஆள் பார்ட் ஆடலாமா என்று முதலிலேயே கேட்டுவிடு. "வாங்க, பேசிப் பழகிக்கலாம்" என்று பதில் வந்தால் ஃபைட்டர் எடு. கரிஸ்மாவை 8-லேயே விட்டுவிடு.