ஒன் பீஸ்: இருபது வருஷமாகப் பார்த்துவரும் ஒருவனின் அனுபவம்

வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: “அண்ணே, ஒன் பீஸ் ஆயிரத்து நூறு எபிசோடைத் தாண்டிருச்சே, இப்ப ஆரம்பிச்சா பார்த்து முடிக்க முடியுமா?” ஒன் பீஸ் கடற்கொள்ளையர்களைப் பற்றிய ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். முடியும் என்றேன். ஆனால் தனியாகப் பார்க்காதே, கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கொள் என்றும் சொன்னேன். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஷிப்டு மாறும் நேரம் அது, மேற்கொண்டு பேச முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் பார்க்கத் தொடங்கியது 2003ல், படிவம் ஒன்றில் இருந்தபோது. ஜப்பான் தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பித்தது 1999 அக்டோபர் 20ல். பட்டர்வொர்த்தில் எங்கள் கைக்கு அது வந்தது இரவுச் சந்தை விசிடியாகத்தான். அதில் ஓடிய ஆங்கில வரிகளைச் சீனத்திலிருந்து பெயர்த்திருந்தார்கள். அதனால் வாள்வீரன் ஸோரோவை நாங்கள் ரொம்ப நாள் ‘சுவோலோங்’ என்றே கூப்பிட்டோம். பிறையில் இருக்கும் என் கூட்டாளி ஒருவன் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறான். மற்றவர்களும் திருத்துவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை வேகம்தான். மூலக்கதையான ஓடாவின் காமிக்ஸை முந்திவிடக் கூடாது என்பதற்காக, பல வருஷம் ஓர் அத்தியாயத்தை ஓர் எபிசோடாக இழுத்தார்கள். தொடக்கப் பாட்டு இரண்டரை நிமிடம், அப்புறம் போன வாரக் கதை, அப்புறம் ஒரே முகத்தை மாற்றி மாற்றிக் காட்டுவது. கதையில் டிரெஸ்ரோசா என்ற பகுதி மட்டும் 118 எபிசோடு. இரவு ஷிப்டு முடித்து, தூங்காமல் உட்கார்ந்து, பத்து நிமிடக் கதைகூடக் கிடைக்காத வாரங்களில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்திருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்தப் பகுதியைக் காமிக்ஸிலேயே படித்துவிடலாம். கதையில் ஒன்றும் குறையாது.

அப்படியிருந்தும் ஏன் விடவில்லை என்றால், 2023 ஆகஸ்ட் 6ஆம் தேதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்று ஞாயிறு, 1071ஆம் எபிசோடு. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து, பாலத்தைக் கடந்து, மோட்டாரை நேராகப் பிறைக்கு விட்டேன். கூட்டாளி வீட்டில் நாங்கள் ஐந்து பேர். என் அக்கா மகனும் வந்திருந்தான், அவனுக்கு அப்போது பத்து வயது. பசியாற ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பொட்டலமாக வந்திருந்தன. பத்து மணிக்கு மேல் ஆகியும் படம் ஓடவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. குழம்பு ஆறிப்போனது, யாரும் தொடவில்லை.

வில்லன் கைடோவிடம் அடிவாங்கி, கதாநாயகன் லூஃபி விழுந்து கிடக்கிறான், செத்துவிட்டான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அப்போது அவன் நெஞ்சிலிருந்து ஒரு தாளம் கேட்கிறது. கடலில் நிற்கும் பெரிய யானை ஸுனேஷா, எண்ணூறு ஆண்டுக்குப் பிறகு இந்த விடுதலை முரசைக் கேட்கிறேன் என்கிறது. மருமகன் அவனை அறியாமலே மேசையைத் தட்ட ஆரம்பித்தான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளம் அடிப்பவர்களைப் பார்த்துப் பழகிய கை அது. திரையில் கேட்ட அடியை அப்படியே பிடித்துக்கொண்டது. லூஃபி முடியெல்லாம் வெள்ளையாகிச் சிரித்துக்கொண்டே எழுந்தபோது எங்களில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சுவோலோங் என்று சொல்பவன் அழுதுகொண்டிருந்தான்.

நான் மறக்காதது வேறொன்று. எங்களில் ஒருவன் காமிக்ஸ் படிப்பவன். இந்தக் காட்சி அதில் 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் அவன் வாயைத் திறக்கவில்லை, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு படம்கூடப் போடவில்லை. அன்றைக்கு அவன் திரையைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் சாய்ந்து எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். தரை ரப்பராக வளைவதையும் கைடோவின் கண் பிதுங்கி வெளியே வருவதையும் பார்த்துவிட்டு, “இவ்வளவு காத்திருந்தது இந்தச் சின்னப் பிள்ளைக் கார்ட்டூனுக்கா?” என்று ஒருவன் கடுப்பானான். மத்தியானம் வரை வாக்குவாதம். என் கட்சி எளிமையானது. ரப்பர் உடம்புக்காரன், முதல் எபிசோடிலிருந்து சிரிப்பவன், அவனுடைய உச்சபட்ச பலம் விளையாட்டாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? கடுப்பானவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

2024 அக்டோபரில் தொடரை நிறுத்திவைத்து, 2025 ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தபோது ஒளிபரப்பை ஞாயிறு இரவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜப்பானில் 11:15, மலேசியாவில் நமக்கு 10:15. காலைப் பசியாறலோடு சேர்ந்து பார்ப்பது அதோடு போயிற்று. அது எனக்கு வருத்தம்தான். 2026லிருந்து வருஷத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோடுதான் என்று அறிவித்ததைக் கேட்டதும் புலனக் குழுவில் பாதிப் பேர் புலம்பினார்கள். நான் வரவேற்கிறேன். டிரெஸ்ரோசாவை வாரம் வாரம் பார்த்தவன் வேறென்ன சொல்வான்? இழுக்காமல் சொல்லட்டும், ராட்சதர்கள் நாட்டில் நடக்கும் எல்பாஃப் அதற்குத் தகுந்த பகுதி.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி. திங்கட்கிழமை பள்ளி இருப்பதால் அக்கா தன் மகனை இரவில் விழித்திருக்க விடமாட்டாள். நான் ஞாயிறு இரவே பார்த்துவிடுவேன். மறுநாள் மாலை அவன் பார்க்கும் வரை குழுவில் யாரும் எதுவும் எழுதக் கூடாது. ஐந்து மணிவாக்கில் குரல் பதிவு வரும். “மாமா!” என்று ஒரு கத்தல், அதற்குப் பின்னால் மேசை தட்டும் சத்தம்.