கையடக்க நிறமாலைமானி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஆய்வுகூடத்தில் ஒன்பது மாத அனுபவம்

சிறு மூலக்கூறுகள் (ஒருபகுதியங்கள்) நீண்ட சங்கிலிகளாக இணையும் பல்பகுதியமாக்கல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியால் இழுத்து மெதனோலில் ஊற்றி, வடித்து, காயவைத்து நிறுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். முக்கியமான கட்டத்தில் கலவை இறுகி ஊசிக்குள் ஏறவே ஏறாது, அந்த இடம் வரைபில் வெறுமையாகக் கிடக்கும்.

இப்போது பாவிப்பது கையடக்க நிறமாலைமானி, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும், ஒளியியல் நார் பொருத்திய சின்னப் பெட்டி ஒன்று, 450 நானோமீற்றர் நீல எல்ஈடியோடு. மெதைல் மெதாக்ரிலேற்று என்ற ஒருபகுதியத்தில் டிசிவிஜே என்ற ஒளிரும் சாயத்தை மிகச் சொற்பமாகக் கலந்து, தாக்கத்தைத் தொடக்கிவைக்கும் ஏஐபிஎன் போட்டு, 70 பாகை செல்சியசில் வைப்பேன். இந்தச் சாய மூலக்கூறு தளர்வான திரவத்தில் தன்னைத்தானே முறுக்கிச் சக்தியை இழந்துவிடும், சுற்றுப்புறம் இறுக இறுக முறுக்க இடமில்லாமல் ஒளிர்கிறது. 1981இலேயே ரஃபிக் லூட்ஃபி என்ற ஆய்வாளர் இதே ஒருபகுதியத்தில் இப்படிப் பார்த்திருக்கிறார். முதலில் திரையில் ஒளிர்வுக் கோடு தாழ்வாகவே போகும், அப்புறம் சட்டென்று செங்குத்தாக ஏறும். சங்கிலி முனைகள் நகர்ந்து ஒன்றையொன்று சந்திக்க முடியாமல், சங்கிலி வளர்ச்சியை நிறுத்தும் முடிவுறுத்தல் குறைந்து தாக்கம் வேகமெடுக்கும் கட்டம் அது, ட்ரொம்ஸ்டோர்ஃப் விளைவு என்று படித்ததை முதல்முறை திரையில் கண்டபோது இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. திரையில் ஏறுவது பாகுநிலையின் குறி, எத்தனை வீதம் ஒருபகுதியம் சங்கிலியாக மாறியது என்பது அல்ல. அதனால் ஆரம்பத்தில் சில மாதிரிகளையாவது பழைய முறையில் எடை பார்த்து ஒப்பிட்டே ஆகவேண்டும். சூடு கூடினால் ஒளிர்வு குறையும், தாக்கம் வேகமெடுக்கும்போது அதுவே சூட்டையும் கிளப்பும், ஆகவே குழாய்க்குள் சூட்டை அளக்கும் ஒரு வெப்பவிணை கட்டாயம். கலவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குவதால் கண்ணாடியை விட்டு விலகி இடையில் குமிழி வந்தால் கோடு பொய்யாகக் குதிக்கும். எங்கள் யன்னல் வெயிலுக்குக் கறுப்புத் துணி போதுமாக இருந்தது, ஆனால் கரண்ட் போய் வந்தால் அந்த ஓட்டம் வீண்தான், யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவேண்டாம்.

நிறுவனத்தார் மேல் எனக்கு ஒரு கோபம். நீல ஒளி சிதறி அளவீட்டைக் குழப்பாமல் தடுக்கும் 475 நானோமீற்றர் வடிகட்டி பெட்டியில் இல்லை, தேவை என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. தனியாக எடுப்பித்து யாழ்ப்பாணம் வந்துசேர ஆறு கிழமை. வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்தே ஓடர் பண்ணுங்கள்.