உப்புக்காற்றில் பழைய கார்: பாயிண்டா, எலெக்ட்ரானிக் இக்னிஷனா?

கீழக்கரையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1974ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 கார், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும் நாட்களில் இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றியதும் அதன் விளைவு கண்ணில் படும். உள்ளே திறந்து மூடி மின்சாரத்தை அறுக்கும் பாயிண்டின் இரு உலோக முகங்களும் பளபளப்பு இழந்து சாம்பல் படிந்தது போலிருக்கும்; மின்சாரம் செல்லும் செப்புப் பட்டையில் பச்சை பூத்திருக்கும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுமே தவிர, எஞ்சின் பிடிக்காது. கெட்டித் தாள் ஒன்றை இரு முகங்களுக்கும் இடையே செருகி நாலைந்து முறை இழுத்துவிட்டால் அடுத்த திருப்பிலேயே பிடித்துக்கொள்ளும். பழைய கார் வைத்திருப்பவர்களிடையே ஓயாமல் நடக்கும் பொறியை எழுப்பும் இக்னிஷனுக்குப் பழைய பாயிண்டே போதுமா, எலெக்ட்ரானிக் கருவி வேண்டுமா என்ற வாதத்தை, இந்தக் கரையில் இருப்பவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

1910ஆம் ஆண்டையொட்டிக் காடிலாக் கார்களுக்காகச் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய முறையே பாயிண்ட் இக்னிஷனின் அடிப்படை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் எனும் கம்பிச்சுருளின் முதல் சுற்றில் மின்சாரம் பாய்கிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து, இரண்டாம் சுற்றில் உயர் அழுத்த மின்சாரம் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. 12 வோல்ட் வண்டியில் காயிலின் மின்தடை ஏறத்தாழ 3 ஓம் என்றால், பாயிண்ட் ஒவ்வொரு முறையும் 4 ஆம்பியர் வரை அறுக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது இந்த அறுப்பு வினாடிக்கு 100 முறை நடக்கிறது. அவ்வளவு வேலை செய்யும் முகம் தேய்வதில் வியப்பில்லை. முகத்தைவிட, பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமின்மீது உரசும் ஃபைபர் குதிகால் தேய்வதுதான் ஓட்டுபவரை ஏமாற்றுகிறது. குதிகால் தேயத் தேய முகங்களுக்கு இடையிலான இடைவெளி குறைகிறது, இடைவெளி குறையக் குறைய பொறி எழும் நேரமான டைமிங் பின்தங்குகிறது. இது நாள்தோறும் சிறிது சிறிதாக நடப்பதால், வண்டி சோர்ந்துபோனதைச் சொந்தக்காரர் உணர்வதற்கே பல மாதங்கள் ஆகிவிடும். அம்பாசடரின் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடைவெளி 0.015 அங்குலம். ஃபீலர் கேஜ் வைத்து இதைச் சரிபார்க்கச் சோம்பல்படுபவர் பாயிண்டைக் குறைசொல்வது நியாயமாகாது.

எலெக்ட்ரானிக் முறையில் இந்த உரசலே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டருக்கு அடியில் ஒரு காந்த வளையம் சுழல, பிசினில் புதைத்த ஓர் உணர்கருவி அதைக் கண்டு, டிரான்சிஸ்டர் வழியாகக் காயிலின் மின்சாரத்தை அறுக்கிறது. திறந்து மூடும் உலோக முகம் இல்லாததால் உப்பு படிய இடமில்லை. தேயும் குதிகால் இல்லாததால் ஒருமுறை வைத்த டைமிங் நகர்வதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. ஐம்பது வருடம் ஓடிய டிஸ்ட்ரிபியூட்டரில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, தண்டு ஆடத் தொடங்கியிருக்கும். அந்த ஆட்டத்தால் பாயிண்டின் இடைவெளி ஒரு சிலிண்டருக்கு ஒன்றாகவும் மற்றொன்றுக்கு வேறாகவும் மாறி, ஐடிலிங்கில் எஞ்சின் நொண்டும். எலெக்ட்ரானிக் உணர்கருவி இந்த ஆட்டத்தைப் பெரிதும் பொறுத்துக்கொள்கிறது. ஆனாலும் மிக அதிகமாக ஆடும் தண்டைப் புஷ் மாற்றிச் சரிசெய்வதே முறை; அதை மறைப்பதற்காக எலெக்ட்ரானிக் போடக்கூடாது.

பாயிண்டின் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் வலுவான வாதம், நடுவழியில் நின்றாலும் கையால் சரிசெய்துகொள்ளலாம் என்பது. முழுமையாக ஏற்க முடியாத வாதம் இது. தனுஷ்கோடி வழியில் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை செல்லும் சாலையில், இருபுறமும் கடலும் மணலுமாக இருக்கும் இடத்தில், ஒரு சித்திரை மாத மதியம் என் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மூடியைக் கழற்றி, சாவியைப் போட்டுப் பாயிண்டை விரலால் திறந்தபோது, அங்கே நீலப் பொறி தடித்து வெடித்தது. பிளக் வயரில் வந்ததோ மெலிந்த மஞ்சள் பொறி. பாயிண்டில் குறை இல்லை, பாயிண்ட் முகத்தில் பொறி தடிக்காமல் காக்கும் கண்டென்சர் போயிருந்தது. வாங்கி மாட்டி நான்கு மாதம்கூட ஆகாத கண்டென்சர் அது. டேஷ்போர்டு அறையில் பழையது ஒன்று கிடந்ததால் பத்து நிமிடத்தில் கிளம்ப முடிந்தது. மறுநாள் ராமநாதபுரத்தில் என் மெக்கானிக்கிடம் சொன்னபோது, "தம்பி, பாயிண்டைத் தேய்ச்சு ஓட்டிரலாம். கண்டென்சர் போச்சுன்னா கையில ஒண்ணு இருந்தாத்தான் வீடு வந்து சேரலாம்" என்றார். "அப்ப எலெக்ட்ரானிக் போட்டுரலாமா காக்கா?" என்று கேட்டேன் (அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம்). "போடுங்க. பழசைத் தூக்கி எறிஞ்சிறாதீங்க" என்பது அவருடைய பதில்.

அந்த அறிவுரைக்குக் காரணம் உண்டு. எலெக்ட்ரானிக் கருவி கெடும்போது முன்னறிவிப்பு தருவதில்லை. கெட்டபின் அதைத் திறந்து பழுது பார்க்கவும் வழியில்லை. அதைக் கெடுக்கும் வழிகளும் பழைய வண்டியில் அதிகம். உப்பு பூத்த டெர்மினலைத் துடைப்பதற்காக இங்கே பேட்டரியை அடிக்கடி கழற்றுகிறோம். திருப்பி மாட்டும்போது ஒருமுறை முனை மாறினால் போதும், கருவி எரிந்துவிடும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டபடி நெடுநேரம் விட்டாலும் பல கருவிகள் சூடேறிக் கெட்டுப்போகும். கருவிக்கு ஏற்ற காயில் எது என்று பார்க்காமல் 1.5 ஓம் காயிலை மாட்டினால் மின்னோட்டம் இருமடங்காகும். ஆல்டர்னேட்டர் இல்லாமல் பழைய டைனமோவில் ஓடும் வண்டியில், இரவில் ஹெட்லைட்டோடு மெதுவாகப் போய் நின்று, மறுநாள் சோர்ந்த பேட்டரியால் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் வெகுவாக இறங்கும். அந்த நிலையில் சில கருவிகள் வேலை செய்யாது. பாயிண்டோ மெலிந்த பொறியையாவது தந்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைத்த, அதாவது பாசிட்டிவ் எர்த் கொண்ட மிகப் பழைய கார்களுக்கு அதற்கென்றே செய்த கருவிதான் பொருந்தும்.

பாயிண்டை வைத்துக்கொண்டே டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றைச் சேர்க்கும் இடைவழியும் உண்டு. பாயிண்ட் சிறிய மின்னோட்டத்தை மட்டும் அறுப்பதால் முகம் கருகுவதில்லை. பெட்டி கெட்டால் பழைய முறைக்கே திரும்பிவிடலாம். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். இந்தக் கரையில் சொல்லமாட்டேன். 4 ஆம்பியர் அறுபடும்போது எழும் பொறி முகத்தில் படிந்த மெல்லிய உப்புப் படலத்தைத் தானே எரித்துவிடுகிறது. சிறிய மின்னோட்டத்துக்கு அந்த வலு இல்லாததால், படலம் அப்படியே நின்று, பாயிண்ட் மூடியும் மூடாதது போலாகிவிடுகிறது.

எதைத் தேர்ந்தாலும் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை ஆகியவை இரண்டு முறைக்கும் பொதுவானவை. காலை ஈரத்தில் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரத்தின் வழியே பொறி வேறு சிலிண்டருக்குத் தாவுவதை எந்த எலெக்ட்ரானிக் கருவியும் தடுக்காது. உப்பு அரித்த எர்த் பட்டையை மாற்றாமல் புதிய கருவி மாட்டுபவர் பணத்தை வீணடிக்கிறார்.

அசல் நிலை பற்றியும் கேட்பார்கள். 2021இல் வந்த மத்திய அரசு விதியின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டியை விண்டேஜ் வகையில் பதிவு செய்யலாம். மூடிக்குள் அடங்கி, எந்த உறுப்பையும் வெட்டாமல் கழற்றிவிடக்கூடிய மாற்றத்தை நான் அசலுக்குக் கேடாகக் கருதவில்லை. கண்காட்சியில் மூடியைத் திறந்து காட்ட விரும்புபவர் மட்டும் பாயிண்டிலேயே இருக்கலாம்.

வாரம் தவறாமல் ஓட்டி, மாதம் ஒருமுறை இடைவெளி பார்க்கும் பழக்கமுள்ளவருக்குப் பாயிண்ட் போதும். அவர் நல்ல கண்டென்சராகத் தேடி இரண்டு வாங்கி வைத்தால் வேறு கவலை இல்லை. என் வண்டியைப் போலப் பல நாள் நின்று, பிறகு ஒரே மூச்சில் மதுரை வரை போகும் வண்டிக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷனே ஏற்றது என்று முடிவு செய்து, சென்ற வருடம் மாற்றிவிட்டேன். மாற்றுவதற்கு முன் புதிய பேட்டரி, புதிய எர்த் பட்டை, 3 ஓம் காயில் மூன்றையும் சரிபார்த்தேன். கழற்றிய அடித்தட்டில் புதிய பாயிண்டும் கண்டென்சரும் மாட்டி, 0.015 அங்குலம் வைத்து, கிரீஸ் தடவிய தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்திருக்கிறேன். அந்த டப்பாவும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஃபீலர் கேஜும் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.