தேஃஸோக்ஸிரிபோநுக்லேஇக்: எட்டு அசையாக வெட்டிப் பழகும் முறை, நாள்பட்ட பயன்பாட்டில்

டி.என்.ஏ.வுக்குப் பிரெஞ்சில் ஆ-தே-என் என்று பெயர். அதை விரித்தால் வரும் désoxyribonucléique என்ற அடைமொழியில்தான் நாக்கு சிக்கும். உச்சரிப்பில் அது எட்டு அசை: தே-ஃஸோக்-ஸி-ரி-போ-நு-க்லே-இக். (ஃஸ என்பது இங்கே தொண்டை அதிரும் ஸ, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும்.)

வெட்டும் விதி எளிது. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனி மெய் நின்றால், அது பின்னால் வரும் உயிரோடு போகும். இரட்டை மெய் பிரியும். ஆனால் க்ல, த்ர மாதிரி ல, ர-வில் முடியும் ஜோடி பிரியாது. எக்ஸ் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஆகவே க் முன்னசைக்கு, ஸ் பின்னசைக்கு. அச்சில் வரி உடைக்கும்போது மட்டும் உயிர்களுக்கு நடுவிலுள்ள எக்ஸை ஒட்டி வெட்டக் கூடாது.

பொருள் பார்த்து 'தேஸ் + ஒக்ஸி' என்று பிரித்தால் நினைவில் நிற்கும், வாய்க்கு ஆகாது. நடுவில் நின்றதுமே அந்த ஸ் அதிர்வை இழந்துவிடும்.

தமிழ் வாய் தடுமாறும் இடம் கடைசி இரண்டு அசைகள். உடம்படுமெய் போட்டே பழகிய நமக்கு க்லே-இக் தானாக 'க்லேயிக்' ஆகும். பிரெஞ்சில் இடையே எதுவும் நுழையாது. ஏ முடிந்த மூச்சிலேயே இ. 'கிலே' என்று இகரம் சேர்த்தால் அசை ஒன்பதாகிவிடும். 'நு'வில் உதடு உகரத்துக்குக் குவிய வேண்டும், நாக்கு இகரத்துக்கு முன்னே நிற்க வேண்டும். முதல் 'தே'யில் ட வேண்டாம். 'பந்து'வில் வரும் பல்லொலியே சரி. 'ரி'யை 'ரை' ஆக்குவது ஆங்கிலப் பாடப்புத்தகம் விட்ட மிச்சம்.

பின்னாலிருந்து பழகுவதுதான் நிஜமாகவே உதவுகிறது: இக், க்லே-இக், நு-க்லே-இக். பிரெஞ்சில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால், எத்தனை அசை முன்னால் சேர்த்தாலும் ராகம் மாறாது. தெற்கு பிரான்சில் கடைசியில் ஒரு மெல்லிய 'அ' கேட்டால் குழம்ப வேண்டாம். சொல்லின் கடைசியில் எழுதப்பட்டு ஒலிக்காத ஊமை எழுத்தும் அங்கே பேசும்.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. ஒளிச்சேர்க்கைக்கான ஃபோ-தோ-ஸேன்-தேஃஸ் என்ற சொல்லில் ன் ஒலியே கிடையாது, மூக்கு வழியாக வரும் உயிரொலிதான். அதை அசைப் பிரிப்பு காட்டாது, காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அதேபோல் ஸி-ஹெச் என்ற ஒரே எழுத்து ஜோடி குளோரோபில்லில் க, ஷிமி எனும் வேதியியலில் ஷ. சந்தேகம் வந்தால் இணைய அகராதியான பிரெஞ்சு விக்சனரியைப் பார்க்கலாம். ஒலிக்குறிப்பில் அசைக்கு அசை புள்ளி வைத்திருக்கும்.