பி.ஆர். காட் முடிந்த அம்மாவை வன்னியிலிருந்து கூட்டிப் போனது

கனடா பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) காட்டில் உள்ள திகதி முடிந்தால் பி.ஆரே போய்விடும் என்று வன்னியில் கனபேர் நம்புகிறார்கள். கிளிநொச்சியில் ஒரு ஏஜென்சிக்காரர் அம்மாவிடம், "இனித் திரும்ப ஸ்பொன்சர் செய்யவேணும் அம்மா, நாங்கள் பாத்துச் செய்து தாறம்" என்று சொல்லிப் பெரிய தொகையும் கேட்டிருக்கிறார். அம்மம்மாவைப் பார்க்க புதுக்குடியிருப்புக்கு வந்தவர் அம்மா. அம்மம்மா படுக்கையில் விழ, பராமரிக்க நின்றார். அம்மம்மா காலமானபிறகு அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று இழுபட்டதில் காட் முடிந்துவிட்டது.

காட் வெறும் அத்தாட்சிதான். உண்மையான கணக்கு நாட்களில் இருக்கிறது: 5 வருடத்தில் 730 நாள் கனடா மண்ணில் நின்றிருக்க வேண்டும். ஒரு நாளில் கொஞ்ச நேரம் நின்றாலும் அது முழு நாள்தான். ஆனால் விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கித்தான் அந்த 5 வருடத்தை எண்ணுவார்கள். இங்கே யோசித்துக்கொண்டு இருக்க இருக்க, பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழன்றுபோகும். அம்மாவுக்கு நாள் போதுமாகத்தான் இருந்தது, என்றாலும் இன்னொரு பொங்கல்வரை இருந்திருந்தால் சிக்கல்தான்.

"மகன் சிட்டிசன்தானே, அவன் வந்து என்னோடு நிற்கிற நாள் சேராதோ?" என்று அம்மா கேட்டார். சேராது. சிட்டிசனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் நின்றால் சேரும். வளர்ந்த பிள்ளை சிட்டிசனாக இருப்பது தாய்க்கு உதவாது. ஊரில் இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு வருடக்கணக்காக நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காட் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். புதுக் காட்டை இங்கிருந்து எடுக்கவும் முடியாது. அதனால் பி.ஆர். பயண ஆவணம் என்று ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 50 கனடிய டொலர். ஏஜென்சிக்காரர் கேட்டதோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும்.

அலைச்சல் சின்னச் சின்ன விஷயங்களில்தான். ஸ்ரூடியோவில் வழமையான பாஸ்போட் படமாக 35க்கு 45 மில்லிமீற்றரில் எடுத்துத் தந்தார்கள். கனடாவுக்கு 50க்கு 70 வேண்டும், படத்தின் பின்பக்கம் ஸ்ரூடியோவின் பெயர், விலாசம், எடுத்த திகதி இருக்க வேண்டும். ஸ்ரூடியோத் தம்பி சலிக்காமல் திரும்ப எடுத்து, ரப்பர் முத்திரையும் குத்தித் தந்தான். அம்மம்மாவின் மரணச் சான்றிதழ் தமிழில் இருந்ததால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்தோம். ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் சேர்த்து வைத்தோம். நாள் குறைந்தவர்களுக்கு மனிதாபிமானக் காரணங்களையும் பார்ப்பார்கள் என்பதால், இந்தக் கடதாசிகள் கையில் இருப்பது நல்லது. மறுத்தாலும் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

அம்மா புதுப் பாஸ்போட்டை வவுனியா அலுவலகத்தில் எடுத்திருந்தார். கொழும்புவரை போகாமல் அங்கேயே முடிவது வன்னி ஆட்களுக்குப் பெரிய உதவி. பழைய பாஸ்போட்டை அரிசிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. போன திகதி, வந்த திகதி எல்லாவற்றுக்கும் அதிலிருந்த கட்டுநாயக்க முத்திரைகள்தான் ஆதாரம். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கான் செய்து ஒன்லைனில் ஏற்றினோம். கடையில் இன்ரநெற் ஆமை வேகம். பாஸ்போட் கேட்டு மின்னஞ்சல் வந்ததும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் விசா விண்ணப்ப நிலையத்தில் கொடுத்தேன். அங்கே வேலை சுறுக்காக முடிந்தது.

பென்சன் எடுக்கிற பெற்றோரை ஊரில் விட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 6 மாதத்துக்கு மேல் வெளியில் நின்றால், குறைந்த வருமான முதியோருக்கு மேலதிகமாகக் கொடுக்கிற காசு நின்றுவிடும். 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் வாழாதவர்களுக்கு முதியோர் பென்சனும் நிற்கும். ஒன்ராறியோ ஹெல்த் காட்டுக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் நிற்க வேண்டும். நீண்ட பயணம் என்றால் புறப்பட முன்னமே அந்தந்த அலுவலகங்களுக்கு அறிவித்துவிடுங்கள்.