எலும்போடு ஒட்டும் கண்ணாடி: ஆற்று மணலா, உமிச்சாம்பலா?

"மாமா, ஆத்து மணல் இருக்கும்போது உமிச்சாம்பல் எதுக்கு?" என்றான் அக்கா மகன். கல்லூரி ப்ராஜெக்டுக்கு உயிரியக்கக் கண்ணாடிப் பீங்கான், அதாவது எலும்போடு ஒட்டும், உள்ளே படிகங்கள் விளைந்த கண்ணாடி எடுத்திருக்கிறான்.

1969இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச் என்ற ஆய்வாளர் கண்ட கலவைதான் இதற்கெல்லாம் தாய். எடையில் சிலிக்கா 45%, கால்சியம் ஆக்சைடு 24.5%, சோடியம் ஆக்சைடு 24.5%, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6%. உடல் நீர் பட்டதும் இதன் மேல் எலும்பின் தாதுவான அபடைட் படியும். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளும்.

மணலைப் பார்த்தால் சிலிக்காதான். ஆனால் கூடவே ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வருகிறது, அதோடு அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு). இந்தக் கலவையில் 3% அலுமினா சேர்ந்தாலே எலும்பு ஒட்டாது. தேரி மணலோ சிவந்திருப்பதே இரும்பால், பேச்சே வேண்டாம். (ஆற்றில் மணல் அள்ளி வழக்கு வாங்குவது தனிக்கதை.)

உமிச்சாம்பலில் 85 முதல் 95% வரை சிலிக்கா. நெற்பயிரே மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்தது. அம்பாசமுத்திரம் பக்கம் மில்லில் கேட்டால் உமி கிடைக்கும்; பாய்லர் சாம்பலை மட்டும் வாங்காதீர்கள், அது கரி கலந்த கறுப்பு. உமியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவினால் பொட்டாசியம் போய்விடும். அப்புறம் 600, 700 டிகிரியில் எரித்தால் வெள்ளைப் பொடி.

கால்சியத்துக்குத் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லா, கிளிஞ்சலா? சிமென்டுக்குக் கல் சரி. சிலிகேட் கலந்திருந்தால் சிமென்டுக்கு நஷ்டமில்லை. இங்கே அது மறுபடி அலுமினாவைக் கொண்டுவரலாம். 100 கிராம் கண்ணாடிக்குக் கால்சியம் கார்பனேட் ஏறக்குறைய 44 கிராம் போதும். அவ்வளவுக்கு உவரிக் கரையில் பொறுக்கிய கிளிஞ்சலே தாராளம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுட்ட ஊர்தானே. முட்டை ஓடும் ஆகும், உள்தோலை உரிக்கப் பொறுமை இருந்தால்.

இவ்வளவு பார்த்துவிட்டு அலுமினா மூசையில் (உருக்கும் கலம்) 1,400 டிகிரியில் உருக்கினால் கெட்டது காரியம். சோடியம் நிறைந்த உருகல் மூசையையே அரித்து அலுமினாவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஆய்வகங்களில் பிளாட்டினம் மூசை. விலையைச் சொன்னதும் பையன் வாயடைத்துப் போனான்.

உருக்காமலே செய்ய ஒரு வழி உண்டு; மணல் முழுதாகத் தோற்பது இங்கேதான். உமிச்சிலிக்காவுக்குப் படிக அமைப்பு இல்லாததால் காஸ்டிக் சோடாக் கரைசலில் சுலபமாகக் கரையும். குவார்ட்ஸ் மணல் அப்படி மசியாது. கரைசலாகிவிட்டால் அதைக் கூழ் போன்ற ஜெல்லாக்கி உலர்த்தும் சோல்-ஜெல் முறையில் போகலாம், உருக்கவே வேண்டாம். உலர்ந்த ஜெல்லை 1,000 டிகிரி வாக்கில் சுடும்போதே சோடியம் கால்சியம் சிலிகேட் படிகங்கள் விளைந்து கண்ணாடிப் பீங்கானாகிவிடும்.

உமி அள்ளச் சாக்கு இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறான் பையன்.